குடம், கதவு, அக்கா

செப்டம்பர் 21

சென்னையிலிருந்து ரித்விக் பேசினான். டிசம்பரில் அவன் நடத்தும் இசை விழாவில் எங்களுக்கு இடம் உறுதியாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணை வீடு, புல்வெளி, பத்துப் பன்னிரண்டு குழுக்கள். சபாக்களுக்குள் நுழைய முடியாதவர்களுக்கான மேடை என்றான். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பண்ணை வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"ப்ரோ, டெய்லி ரெண்டு லைன் எழுதி வைங்க. உங்க ஜர்னிய நாங்க போஸ்ட் பண்ணுவோம். ராவா இருக்கணும்."

"ராவான்னா?"

"உங்க லைஃப் ப்ரோ. வலி, மண்ணு, அந்த மாதிரி."

"செல்லூர்ல மண்ணு எங்க இருக்கு? தோண்டிப் போட்ட சாக்கடைதான் இருக்கு."

"சூப்பர். இதையே எழுதுங்க."

எழுதுகிறேன். அவனுக்குக் கொடுக்கப் போவதில்லை. டயர் கம்பெனிக்காரன் ஒர்க் ஷாப்பில் விட்டுப்போன பழைய டைரி இது. கிழமை எல்லாம் தப்பாக இருக்கும்.

எங்கள் குழுவுக்கு ஓட்டை உடைசல் என்று பெயர். மூன்று பேர். நான் தவசி, பைக் மெக்கானிக். நான் வாசிப்பது குடம். எவர்சில்வர் குடத்தில் ஜன்னல் சட்டம் ஒன்றைக் கழுத்தாகப் பொருத்தி, கிளட்ச் வயரைப் பிரித்து அதன் மெல்லிய உள்கம்பிகளைத் தந்தியாகக் கட்டியிருக்கிறேன். தூண்டில் நரம்பில் செய்த வில்லால் இழுத்தால் குடம் அழும். நைனா முகமது, அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் இருக்கிறான். அவன் வாசிப்பது கதவு. யாரோ கழற்றிப் போட்ட குளியலறை மரக்கதவைப் பெட்டியாக அடித்து, நீளவாக்கில் கம்பிகள் இழுத்திருக்கிறான். மடியில் வைத்து மீட்ட முடியாது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே படுக்க வைக்க வேண்டும். அதில் இன்னும் தாழ்ப்பாள் இருக்கிறது, தாளத்துக்கு உதவும்.

மூன்றாவது ஆள் என் அக்கா பவளக்கொடி. பாடுவது அவள்தான். அம்மா செத்துப்போனாள். அப்பா உயிரோடு இருக்கிறார், எங்களோடு இல்லை.

எங்களிடம் சுருதிப்பெட்டி கிடையாது. செல்போனில் அதற்கு ஒரு செயலி இருக்கிறது என்று நைனா சொல்வான். வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் காலையில் அக்கா கீழே அடுப்படியிலிருந்து, மொட்டை மாடியில் தூங்கும் என்னை "டேஏஏய்" என்று கூப்பிடுவாள். அந்த டேய்தான் எங்கள் சுருதி. அது காதில் இருக்கும்போதே குடத்தின் நடுக் கம்பியை அதற்குச் சேர்த்துவிடுவேன். மற்றக் கம்பிகள், நைனாவின் கதவு எல்லாம் அதைப் பார்த்து. அவள் குரலுக்குத்தான் வாசிக்கிறோம். எந்த ஊரிலோ எவனோ வைத்த அளவு எங்களுக்கு எதற்கு?

செப்டம்பர் 28

ஒத்திகை. அக்கா கடைக்குப் போவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான்.

அவள் மாசி வீதிப் பக்கம் ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். வாசலில் நின்று ஆள் கூப்பிடும் வேலை. காலையிலிருந்து கடை அடைக்கும் வரை "வாங்கக்கா, வாங்கண்ணே, பட்டு பாருங்க, சுடிதார் பாருங்க, உள்ள வாங்க" என்று கத்த வேண்டும். எதிர்க்கடையிலும் ஒருத்தி நிற்கிறாள். யார் சத்தம் பெரிதோ அந்தக் கடைக்குள் கூட்டம் போகும் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். உட்காரக் கூடாது. உட்கார ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஒரு ஸ்டூல் வாங்கினார்கள். அதிகாரி வரும் நாளில் மட்டும் அது குடோனிலிருந்து வெளியே வரும்.

அவளுடைய கூவலையே பாட்டாக்கினோம். போன வருடம் மாடியில் எடுத்த அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ரித்விக் கூப்பிட்டான்.

*உள்ள வாங்க உள்ள வாங்க*
*உக்காரச் சொல்லாம நின்னு வாங்க*
*கால் வலிச்சா காலக் கழட்டி*
*கல்லாவுல வச்சிட்டு வாங்க*

கடைசியில் ஒரு "வாங்க". மேலே ஏறிப் போய் அங்கேயே நிற்கும். நைனா சொல்வான், "அக்கா அந்த வாங்கவப் போட்டா வைகையில தண்ணியே வந்துரும் மாப்ள."

இன்று அந்த இடத்தில் இருமினாள். தூசி. பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்கள்.

அக்டோபர் 6

மழை. கம்பி தொய்கிறது. சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 14

தீபாவளிக் கூட்டம். அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். வீதியில் நடக்க இடமில்லை. ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், பலூன்காரன், போலீஸ் மைக். அத்தனைக்கும் மேலே அவள் கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினாள், இரு என்று. வாய் மட்டும் நிற்கவில்லை. பத்தடி தள்ளி நின்றிருந்தேன், அவள் குரல் தனியாகக் கேட்கவில்லை. வாயசைவில்தான் புரிந்தது.

மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். சூப்பர்வைசர் குணசீலன் எட்டிப் பார்த்தான்.

"என்ன பவளம், குடும்பத்தோட விருந்தா? வாசல் ஊமையாக் கெடக்கு பாரு."

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். மீதியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அந்தக் கடைக்குள் போன ஆயிரம் பேரில் ஒருத்தருக்காவது, கூப்பிட்டவள் எப்போது சாப்பிட்டாள் என்று தோன்றுமா? தோன்றாது. எனக்கே அங்கே போனால்தான் தோன்றுகிறது.

அக்டோபர் 20

தீபாவளி. அக்கா நாள் முழுக்கத் தூங்கினாள். காலையில் டேய் இல்லை. நேற்றைய சுருதியிலேயே வாசித்துப் பார்த்தேன். வெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 27

ரித்விக் வீடியோவில் வந்தான். விழாவின் கடைசியில் எங்கள் பாட்டை வைத்திருக்கிறான். புதுச்சேரியிலிருந்து அக்கார்டியன், அதாவது துருத்திப் பெட்டி வாசிக்கும் ஒரு அக்கா எங்களோடு சேர்கிறார், பெயர் மரிய சாந்தா. பாட்டை நடுவில் நிறுத்தி, அக்கா தன் கடை அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம்.

"ஆடியன்ஸ் கனெக்ட் ஆவாங்க. அக்கா என்ன சொல்றீங்க?"

அக்கா கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா ரொம்ப ஷை டைப்போ?" என்றான்.

அக்காவா கூச்சப்படுகிறவள்? தண்ணீர் லாரிக்காரன் குடத்தைத் தட்டிவிட்டதற்காக அவன் பரம்பரையையே தெருவில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவள். தீபாவளி அலுப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 3

தந்தி மாற்றினேன். கிளட்ச் கம்பி இந்தச் சுருதிக்குத் தொளதொளவென்று அடிக்கிறது. பிரேக் வயரின் உள்கம்பி கொஞ்சம் தடிமன், கீழே இறங்கினாலும் விறைப்பாக நிற்கும். சத்தம் கனமாக வருகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

நைனாவுக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய கதவில் அத்தனை கம்பிகளும் தளர்ந்து, மரத்தில் உரசிக் கரகரக்கின்றன.

"என்ன மாப்ள, இன்னும் எறக்கச் சொல்ற? இதுக்கு மேல எறக்குனா துணி காயப் போடலாம்."

"மழை ஈரம்டா."

"ஈரத்துல கம்பி எறங்கும், ஒத்துக்கிறேன். நீ கம்பிய அக்கா டேய்க்குத்தான சேக்குற? டேய் எதுக்குடா எறங்குது?"

"தூக்கக் கலக்கத்துல கூப்புடுது."

"ஒரு தடவ போன்ல வச்சுப் பாத்துருவோம். செயலி சும்மாதான கெடக்கு."

வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டான். கத்திவிட்டேன். நைனா கதவுக்குப் பாயைப் போர்த்திவிட்டுப் படியிறங்கிப் போனான். போகும்போது, "நீ நல்லாக் கத்துறடா. ஒனக்குத் தொண்டை நல்லாருக்கு" என்றான்.

நவம்பர் 9

அக்கா இப்போதெல்லாம் மாடிக்கு ஏறி வந்து என் பாய்க்குப் பக்கத்தில் நின்றுதான் கூப்பிடுகிறாள். கீழேயிருந்து கூப்பிட்டால் நான் எழுந்திருப்பதில்லையாம். நல்லதுதான், பக்கத்தில் கேட்டால் சுருதி துல்லியமாகப் பிடிபடுகிறது.

அடுப்படியில் அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு, ஏதேதோ கசாயம். உப்பும் பருப்பும் வாங்கி வரச் சொல்லி, அடுப்படியிலிருந்தே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறாள். "பெரிய மகாராணி, வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களோ?" என்றேன். கரண்டியை ஓங்கினாள். சிரித்தோம்.

நவம்பர் 16

முழுப் பாட்டையும் செல்போனில் பதிவு செய்து மரிய சாந்தாவுக்கு அனுப்பினேன். கடைசி வாங்கவை அக்கா இரண்டு தரம் முயன்றாள். முதல் தரமே போதும் என்றேன். நேரமாகிவிட்டது.

நவம்பர் 17

ஒர்க் ஷாப்பில் ஒரு புல்லட்டைப் பிரித்துப் போட்டிருந்த நேரம், மரிய சாந்தா கூப்பிட்டார். கை முழுக்க கிரீஸ். ஸ்பீக்கரில் போட்டேன், அங்கேயிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, புதுச்சேரியிலேருந்து பேசறேன். ஒரே பாட்ட ரெண்டு பேர் பாடறீங்களா?"

"இல்லக்கா, எங்க அக்கா மட்டுந்தான்."

"போன வருஷ வீடியோல சுருதி ஆறு கட்டை. அதுக்குத்தான் விரல் பழகி வச்சேன். நேத்து அனுப்புனது நாலு கட்டை. நாலு கூட சரியா நிக்கல, நழுவுது."

"மழைக்கா. ஈரம். எங்க வாத்தியம் எல்லாம் நாங்களே செஞ்சது, கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"ஈரம் குடத்துக்குப் புடிக்கும் தம்பி. அவங்க தொண்டைக்கா புடிக்கும்?"

ஸ்பீக்கரை அணைக்க முடியவில்லை, கை கிரீஸ்.

"நான் சுருதிக்காகக் கூப்பிடல. என் பொட்டில எந்தக் கட்டைன்னாலும் வாசிச்சிடுவேன். அந்தக் கடைசி வாங்க இருக்குல்ல, அதுல காத்து மட்டும்தான் வருது. எங்க மாதா கோயில் பாடகர் குழுவுல ஒரு பொண்ணுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. யார்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"காட்டுறேங்க்கா" என்றேன்.

மாலையில் போன வருட வீடியோவையும் நேற்றைய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒரு தரம். போதும்.

மாதக்கணக்காகத் தினமும் கேட்ட காது இது. ஒவ்வொரு நாளும் ஒரு முடி அளவு. முந்தின நாளோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 18

நைனாவின் பட்டறைக்குப் போனேன். அலுமினியம் அறுத்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"தெரிஞ்சிருச்சா?" என்றான்.

தீபாவளி முடிந்த வாரமே அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான். அவள்தான் கேட்டிருக்கிறாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"காய்ப்பு விழுந்திருக்காம். ஒன் வெரல்ல கம்பி பட்டுப் பட்டுக் காய்ச்சுப் போயிருக்குல்ல, அதே மாதிரி. கத்துனது மேலயே கத்தி."

"அதுக்கு?"

"பேசாம இருக்கணுமாம். கத்தக் கூடாது, பாடக் கூடாது, குசுகுசுன்னு பேசுறது அதவிட மோசமாம். இப்ப நிறுத்துனா தானாவே கரைய வாய்ப்பிருக்கு. இழுத்துக்கிட்டே போனா ஆபரேசன். அதுக்கப்பறம் பழைய கொரல் வருமான்னு டாக்டரால சொல்ல முடியாதாம்."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"விழா முடியட்டும்னு அக்கா சத்தியம் வாங்கிருச்சு. நானும் எத்தன தடவடா சொல்லாமச் சொல்றது? செயலிய வச்சுப் பாருன்னேன், நீ பேயாட்டம் கத்துன."

வீட்டில் அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்றாள். இப்போது உன்னிப்பாகக் கேட்டேன். பழைய துணியைக் கிழிப்பதுபோல் இருந்தது.

"விழாவ விட்டுருப்பேன்."

"சரி. விடு."

"ரித்விக்குக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

"பண்ணு."

போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை.

நவம்பர் 19

வேலை அதிகம். ரித்விக்கைக் கூப்பிட முடியவில்லை.

நவம்பர் 21

ரித்விக்கே கூப்பிட்டான். விழாவின் சுவரொட்டியை அனுப்பியிருந்தான். நடுவில் அக்காவின் படம், வாய் திறந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவன் அவசரத்தில் இருந்தான்.

நவம்பர் 25

வாசலை விட்டு மடிப்புப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறாள். பிரித்துப் போட்ட சேலைகளை மறுபடி மடித்து அடுக்கும் வேலை. பேச வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டியிருக்கிறாள். பொங்கல் வரை வாசலில்தான் என்று குணசீலன் சொல்லிவிட்டான்.

மதியம் கடைக்குப் போய் அவன் முன்னால் நின்றேன். ஒரு பெண்ணின் தொண்டையைத் தின்று நான்கு மாடி கட்டியிருக்கிறீர்கள் என்றேன். சட்டம் பேசினேன், ஸ்டூல் பற்றிப் பேசினேன். சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத்தான் பேசினேன்.

அவன் கோபப்படவே இல்லை. பல் குத்திக்கொண்டே கேட்டான்.

"தம்பி, எங்க வாசல்ல கத்துறதுக்கு நாங்க சம்பளம் தர்றோம். ஒங்க மொட்ட மாடியில கத்துறதுக்கு நீ என்ன தர்ற?"

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வந்துவிட்டேன். ஒரு ஸ்கூட்டிக்குப் பின்சக்கரம் கழற்ற வேண்டியிருந்தது. அதைக் கழற்றினேன்.

நவம்பர் 29

அக்காவை மடிப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குப் பயந்து அல்ல. வாசலில் அவள் கூப்பிடுவது தெருவுக்குக் கேட்கவில்லை என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். பத்தொன்பது வயது இருக்கும், நல்ல குரல் என்று அக்கா செய்தி அனுப்பினாள்.

டிசம்பர் 4

நைனா, நான், அக்கா மூவரும் மாடியில். விழாவை விட்டுவிடலாம் என்று நைனா நேரடியாகவே சொன்னான். நான் தலையாட்டினேன். அக்கா என் தலையாட்டலைப் பார்த்தாள்.

"மூணு கட்டைக்கு எறக்குடா. பேசுற மாதிரிப் பாடிட்டு வந்துர்றேன். ஒரே ஒரு பாட்டு."

"டாக்டரு..." என்று நைனா ஆரம்பித்தான்.

"இத்தன வருசம் எவனெவனோ சேல விக்கிறதுக்குக் கத்துனேன். இது எம்பாட்டு. ஒரு தடவ அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி பாடிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்து, "இவனும் எத்தன நாளுதான் ரித்விக்குக்குப் போன் பண்ணுவான்" என்றாள்.

நைனா என்னைப் பார்த்தான். நான் சொல்ல வேண்டியதை நான் சொல்வேன் என்று காத்திருந்தான்.

இறக்கினேன்.

டிசம்பர் 13

ரயிலில், முன்பதிவில்லாத பெட்டி. கதவைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். விழுப்புரத்தில் ஏறிய ஒருவர் அதன் தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தார். "உள்ள ஆள் இருக்குண்ணே" என்றான் நைனா. அவர் செங்கல்பட்டு வரை காத்திருந்தார்.

அக்கா அதற்குச் சத்தம் வராமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அவள் முன்பு சிரித்தால் அடுத்த பெட்டியில் கேட்கும்.

கருவிப் பையில் பழைய கிளட்ச் கம்பிகள் ஒரு சுருள் கிடந்தது. தெரியாமல் வந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 15

திரும்பும் ரயில். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

புல்வெளியில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். ஆட்கள் படுத்துக்கொண்டு இசை கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் நான்கு பேர் கிதார் வைத்துக்கொண்டு விவசாயிகளைப் பற்றிப் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். நாற்று எது களை எது என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அக்காவை ஒரு பெண் வந்து அழைத்துப் போனாள், அலங்காரத்துக்கு. அவளுடைய ஊதா சுடிதார் வேண்டாமாம். கண்டாங்கிச் சேலை கட்டி, கண்டசரம் போட்டு நிறுத்தினார்கள். கடையில் அவள் போட்டது சீருடைச் சட்டை. கண்டாங்கி கட்டி அவளை நான் பார்த்ததே இல்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு ஷாமியானா. நான் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மரிய சாந்தா பெட்டியைத் திறந்து, "மூணு கட்டைதானே?" என்று கேட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் துண்டு, காலில் ஹவாய்ச் செருப்பு. நான் பிரேக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். பையிலிருந்து கிளட்ச் கம்பிச் சுருளை எடுத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"ஆறு கட்டை கொடுங்கக்கா."

அவர் பெட்டியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, துருத்தியை மெதுவாக விரித்தார். அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கம்பியை முறுக்கினேன். ஒன்று அறுந்து புறங்கையில் கிழித்தது. வேறு கட்டினேன். ஏறியது. போன வருடக் காலைகளில் கேட்ட அதே டேய், பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்குக் குடத்தைச் சேர்த்தேன்.

நைனா பார்த்துக்கொண்டே நின்றான். "அக்காட்டக் கேட்டியா?"

"இல்ல."

"கொன்னுரும்."

"ம்."

அவன் ஸ்பேனரை எடுத்துக் கதவின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினான்.

மேடையில் அக்கா முன்னால், நாங்கள் பின்னால். ரித்விக் மைக்கில் எங்களை ஆங்கிலத்தில் பத்து நிமிடம் புகழ்ந்தான். பிறகு வெளிச்சம் வந்தது. வில்லை இழுத்தேன்.

முதல் இழுப்பிலேயே அவள் முதுகு விறைத்தது. திரும்பவில்லை. நைனாவின் கதவு சேர்ந்துகொண்டது, அக்கார்டியன் சேர்ந்துகொண்டது. அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தாள். அந்த உயரத்துக்கு அவளிடம் ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூடிக்கொண்டாள். முன்வாசிப்பையே மறுபடி வாசித்தோம். மறுபடியும் அந்த இடம் வந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குணசீலனைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"டேய்" என்றாள்.

மைக் அதைப் பிடித்துப் புல்வெளி முழுக்கப் போட்டது. கிழிந்த, கரகரத்த டேய். நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது.

நான் வில்லை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இறக்கிவிடுவேன்.

அவள் மரிய சாந்தாவின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தாள். பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள். ஸ்டூலை மேடையின் நடுவுக்கு இழுத்து வந்தாள். கால் தரையில் உரசும் சத்தம் மைக்கில் கேட்டது. கண்டாங்கியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவள் வரிகளைக் குடத்தில் இழுத்தேன். சொல் இல்லை, ராகம் மட்டும். கடைசி வாங்க வந்தபோது வில்லைத் தூக்கிவிட்டேன். நைனா உள்ளங்கையால் கம்பிகளை அடக்கினான். மரிய சாந்தா அடிச்சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை யாரும் வாசிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு குழந்தை அழுதது. பிறகு முடித்தோம்.

கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். கொஞ்சம் பேர் பிரியாணிக் கடைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். ஒருவன், "சிங்கர் மூட் அவுட்டா?" என்று கத்தினான்.

ரித்விக் ஷாமியானாவுக்கு ஓடி வந்தான்.

"என்ன ப்ரோ இது? பாடத்தானே கூப்பிட்டோம்?" உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா அந்த ஸ்டூல் மொமென்ட் செம. கான்செப்டா?"

"ஆமா, கான்செப்டு" என்றான் நைனா. "அத மட்டும் போஸ்ட் பண்ணுங்க."

அக்கா சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, ஊதா சுடிதாரில் வந்தாள். மரிய சாந்தா அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், அவள் தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தாம்பரம் தாண்டியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை, வாட்ஸ்அப்பிலும் இல்லை. கோபமா, டாக்டர் சொன்ன ஓய்வா, தெரியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவளுடைய பாட்டு அது, ஒரே ஒரு தடவை என்று கேட்டாள். அதை நான் பிடுங்கினேன். சரியா என்று நைனாவிடம் கேட்டேன். "தெரியாது மாப்ள, தூங்கு" என்றான்.

டிசம்பர் 16

காலையில் டேய் இல்லை, தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம். விழித்தேன். மாடிச் சுவரில் எட்டிப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்றிருந்தாள், ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கரண்டி. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு இன்னும் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கோபம்தான்.

குடம் மூலையில் இருந்தது. கம்பிகள் ஆறு கட்டையில். தொடவில்லை.

அவள் படியேறி வரக் கூடாது. மூன்றாவது அடி விழுவதற்குள் இறங்கிப் போனேன்.